ஊறப் போடாத மோட்டார்

கைக்குழந்தை இப்போதுதான் தூங்கினான். மூத்தவள் சமையலறை வாசற்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படி உட்காரச் சொன்னவள் நான்தான். காலையில் மாடிவீட்டு அம்மாள் இறங்கி வந்து, கொழும்பிலிருந்து தம்பி கொண்டுவந்து கொடுத்த பேட்டரி கார் ஓடவில்லை, நேற்றுக் கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தது உங்கள் மகள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. மகளைக் கூப்பிட்டு, "என்ன செஞ்ச, உண்மையைச் சொல்லு" என்றேன். "ஒண்ணும் செய்யலம்மா" என்றாள்.

இடுப்பில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாக இருக்கிற என் வயதுப் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பிறர் வீட்டுப் பொருள் என்றால் நாம் முதலில் நம் பிள்ளையைத்தான் பிடிப்போம். பிடித்த பிறகு, பிடித்தது சரிதானா என்று நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருப்போம். நான் அப்படித்தான். காலையிலிருந்து அரிசியை இரண்டு முறை களைந்துவிட்டேன். "ஒண்ணும் செய்யல" என்ற அந்தச் சொல்லை ஒன்பது வயதில் நானும் ஒருவரிடம் சொல்லி நின்றிருக்கிறேன். அதை எழுதிவிட்டால் மனம் கொஞ்சம் அடங்கும் என்று தோன்றியது.

அது ஒரு மே மாத விடுமுறை. எங்கள் வீடு திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகு எங்கள் சந்துக்குள் இறக்கிவிடும். அப்பா ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். தினமும் காலையில் முற்றத்தில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகச்சவரம் செய்வார். அப்போது அவருக்குப் பத்திரிகையின் தலைப்புகளை வாசித்துக் காட்டுவது என் வேலை. முகத்தில் நுரை இருப்பதால் அவர் பேசமாட்டார். நான் தப்பாக வாசித்தால் கத்தியை மட்டும் நிறுத்துவார். நான் திருத்தி வாசித்ததும் கத்தி மறுபடி நகரும். முதலாம் வகுப்பிலிருந்து அந்த வேலை என்னுடையது. வீட்டில் வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை.

அந்த வருஷம்தான் எங்களுக்கு நூல்கட்டை வண்டிப் பைத்தியம் பிடித்தது. உங்களில் சிலரும் செய்திருப்பீர்கள். தையல் மெஷினுக்கு நூல் சுற்றி வருமே, நடுவில் துளை போட்ட மரக்கட்டை, அதுதான் வண்டி. துளை வழியாக ஒரு ரப்பர் வளையத்தைக் கோத்து, ஒரு பக்கம் அது உள்ளே போய்விடாமல் தீக்குச்சித் துண்டை வைத்துத் தடுக்க வேண்டும். மறுபக்கம் வட்டமாக நறுக்கிய மெழுகுவத்தி வில்லை. அதன் துளை வழியாக வெளியே வரும் ரப்பரில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, குச்சியைச் சுற்றிச் சுற்றி முறுக்க வேண்டும். பிறகு தரையில் விட்டால் ரப்பர் பிரியப் பிரியக் கட்டை தானாக உருண்டு போகும். கட்டையின் விளிம்பில் கத்தியால் பல் பல்லாக வெட்டிவிட்டால் வழுக்காது. கட்டை, தெருமுக்குத் தையல்காரரிடம் கிடைத்தது. மெழுகுவத்தி, கோயிலில் மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளை கொடுத்தார். பீடத்தில் எரிந்து மிஞ்சிய துண்டு என்பதால் அதைப் பல்லால் கடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ரப்பருக்கு எங்கள் கூட்டத்தில் மோட்டார் என்று பெயர். அந்தப் பெயரைக் கொண்டுவந்தது வடமதுரை அண்ணன். என் பெரியப்பா மகன். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். என்னைவிட மூன்று வயது பெரியவன்.

அவனுக்கு மோட்டார் என்ற சொல் விளையாட்டுச் சொல் இல்லை. வடமதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அப்போதுதான் கரண்டு வந்திருந்தது. பெரியப்பா மாடு கட்டி இறைக்கும் கமலையை நிறுத்திவிட்டு மூன்று குதிரைசக்தி மோட்டார் வைத்தார். வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் ஐந்து குதிரை வைத்தார். பூமிக்கு அடியில் ஊற்று ஒன்றுதான். அந்தக் கோடையில் பெரியப்பா கிணற்றில் வாளி தரையைத் தட்டியது, அந்தப் பக்கம் வாய்க்கால் நிறைந்து ஓடியது. இதை அண்ணன் எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான். சொல்லும்போது எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"மோட்டாரு சமமா இல்லைன்னா அது போட்டி இல்ல, களவு" என்றான்.

அதனால் எங்கள் பந்தயத்துக்கு முதல் சட்டம் மோட்டாரைப் பற்றியது. வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கடைக்காரர் மகன் ஒரே பழைய டியூபிலிருந்து, எல்லோர் கண் முன்பாகவும், ஒரே அகலத்தில் வளையங்களை நறுக்குவான். நறுக்கியதைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுப்போம். குச்சியை எத்தனை சுற்றுச் சுற்றுவது என்பதும் எல்லோருக்கும் ஒன்றே. பந்தயம் மறுநாள் வெள்ளிக்கிழமை. ஓடும் இடம் தோல் மண்டியின் முன்கூடம். எங்கள் சந்தில் அவ்வளவு வழவழப்பான சிமெண்டுத் தரை அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மண்டிக்கு விடுமுறை. மண்டிக்காரர் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்ததும் அவர் மகள் கதவைச் சத்தமில்லாமல் திறந்துவிடுவாள். உப்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை முதலில் மூக்கைப் பிடிக்கும், பிறகு மறந்துபோகும். வாசற்படியில் சுண்ணக்கட்டிக் கோடு. அங்கிருந்து தராசுக் கம்பம் வரை ஓட வேண்டும்.

போட்டியில் நாங்கள் நால்வர். வடமதுரை அண்ணன், சைக்கிள் கடைக்காரர் மகன், நான் அக்கா என்று கூப்பிடும் மண்டிக்காரர் மகள், நான்.

முதல் வியாழக்கிழமை வளையத்தைக் கையில் வாங்கியதும் அண்ணன் இன்னொரு யோசனை சொன்னான்.

"இன்னைக்கே முறுக்கி வச்சிரணும். ராத்திரி பூரா ஊறுனாத்தேன் மோட்டாருக்கு வேகம் ஏறும்."

"இது என்ன இட்லி மாவா, ஊறுறதுக்கு?" என்றாள் மண்டி வீட்டு அக்கா.

"மாவு மட்டுந்தேன் ஊறுதா? ஒங்க தோல் ஷாப்புத் தொட்டியில தோலு ஊறலையா? ஊறாமலா அது செருப்பாகுது?"

அக்கா தலையாட்டிவிட்டாள். எதுவானாலும் ஊறினால்தான் உறுதி என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தோல் வியாபாரி மகளே ஒப்புக்கொண்ட பிறகு நாங்கள் எல்லோரும் வண்டியை முறுக்கி, குச்சி அவிழாமல் நூலால் கட்டி, வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

என் வண்டியைச் சமையலறைப் பலகை மேல் வைத்தேன். விளக்கு வைத்த நேரம். தம்பிக்கு அப்போது ஐந்து மாதம். அக்கி வந்து இரண்டு நாளாகத் தூங்காமல் அழுதவன் அன்றுதான் அம்மா மடியில் கண் அயர்ந்திருந்தான். நூல் அறுந்தது. வண்டி பலகை மேல் விறுவிறுவென்று ஓடி, பித்தளைத் தாம்பாளத்தின் மேல் விழுந்து, தாம்பாளம் குடத்தின் மேல் விழுந்தது. தம்பி அலறி விழித்தான்.

அம்மா திட்டக்கூட இல்லை. களைப்பில் அவளுக்குக் குரலே வரவில்லை. "இனிமே இதை முறுக்கோட வீட்டுக்குள்ள கொண்டாராத தாயி. அவுத்துட்டு வை. பிள்ளை தூங்கட்டும்."

குச்சியை எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்த்தேன். ரப்பரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பாவமாகக் கிடந்தது. எல்லோருடைய மோட்டாரும் அவரவர் வீட்டில் ஊறிக்கொண்டிருக்க, என்னுடையது மட்டும் வெறுமனே கிடக்கிறதே என்று அழுகையாக வந்தது. ஊறாத மோட்டார் என்று தெரிந்தால் என்னைப் போட்டியிலேயே சேர்க்கமாட்டார்கள் என்று பயந்தேன். அண்ணன் எங்கள் வீட்டிலேயே இருந்தாலும் அவன் என் அப்பாவோடு முன்னறையில் படுப்பவன். சமையலறைக்குள் நடப்பது அவனுக்குத் தெரியாது. மறுநாள் மண்டிக்குப் போகும் வழியில், கோயில் சுவரோரம் நின்று, யாரும் வருவதற்குள் அவசர அவசரமாக முறுக்கிக்கொண்டேன். சுவருக்குள்ளே மாதா சுரூபம் இருந்தது. "மாதாவே, என் மோட்டார் ஊறலை, நீங்கதான் பாத்துக்கணும்" என்று வேண்டிக்கொண்டேன்.

என் வண்டி முதலாவதாக வந்தது. மற்ற மூன்றும் பாதி வழியில் மூச்சு வாங்கின. என்னுடையது தராசுக் கம்பத்தில் முட்டி, அதன் பிறகும் குச்சியை அடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. அது மாதா செயல்.

அடுத்த வெள்ளியும் நான்தான். அதற்கடுத்த வெள்ளியும் நான்தான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் புது வளையம், ஒவ்வொரு இரவும் தம்பிக்காக அவிழ்ப்பு, ஒவ்வொரு வெள்ளி மத்தியானமும் கோயில் சுவரோரம் அவசர முறுக்கு, கூடவே வேண்டுதல்.

மூன்றாவது முறை யாரும் கைதட்டவில்லை. வடமதுரை அண்ணன் என் வண்டியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"இதுல என்னமோ இருக்கு. இவளுது அஞ்சு குதிரை."

"ஒரே டியூபுப்பா, நான்தான அறுத்தேன்" என்றான் சைக்கிள் கடைக்காரர் மகன்.

"அப்ப இவ என்னமோ பண்றா. ஏ புள்ள, என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணலண்ணே."

அது உண்மை. அவர்கள் செய்ததில் ஒன்றைக் குறைத்துத்தான் நான் செய்திருந்தேன். அந்தக் குறையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அது காரணமாக இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. மண்டி வீட்டு அக்கா மட்டும் என் பக்கம் பேசினாள். "விடுப்பா, சின்னப்புள்ள. அவளுக்கு என்ன தெரியும்?" அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு என்ன தெரியும் என்பதில்தான் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணன் விஷயத்தை அப்பாவிடம் கொண்டுபோனான். கோள் சொல்வது போல இல்லை, தோட்டத்துத் தகராறைப் பஞ்சாயத்தில் வைப்பது போல நிதானமாக, கை கட்டிக்கொண்டு சொன்னான். அப்பாவுக்கு அது பிடித்திருக்க வேண்டும். வண்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, மேஜை மேல் பத்திரிகையை விரித்து, ஒவ்வொன்றையும் பிரித்து வைத்துப் பார்த்தார். கட்டை, வில்லை, குச்சி, ரப்பர். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அடுத்த வாரத்துக்கு என் கட்டையை அண்ணனுக்கும் அவனுடையதை எனக்கும் மாற்றிக் கொடுத்தார். வளையங்களையும் அவரே சொம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த வெள்ளியும் நான் ஜெயித்தேன். ஜெயித்த வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்ன செய்யிற? உண்மையைச் சொல்லு. நான் அடிக்கமாட்டேன்."

"ஒண்ணும் செய்யலப்பா."

"எல்லாம் சமமா இருந்தா விடை மாறாது. விடை மாறுனா எங்கயோ ஒண்ணு கூடுதலா இருக்கு. அதை நீ சொல்லணும்."

கூடுதலாக இருந்தது மாதா ஒருத்திதான். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் காலை கண்ணாடியைச் சாய்த்து வைத்தார், நுரையைக் குழைத்தார், என்னைக் கூப்பிடவில்லை. பத்திரிகை திண்டின் மேல் மடித்தபடியே கிடந்தது. சவரம் முடித்து முகம் கழுவியதும் தாமே எடுத்து வாசித்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றிருந்ததை அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பார்க்கவில்லையோ என்னவோ.

அடி விழுந்திருந்தால் அன்றோடு மறந்திருக்கும்.

அன்று சனிக்கிழமை. நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது வழக்கம். மரப்பெட்டியின் ஓரத்தில் முழங்காலிட்டேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியாரின் மூக்குப்பொடி வாடை வந்தது. வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஏமாத்திட்டேன் சாமி" என்றேன்.

"யாரை?"

"எல்லாரையும். வண்டி விடுறதுல."

"எப்படி ஏமாத்துன?"

"தெரியல சாமி."

அந்தப் பக்கம் நாற்காலி முனகியது. "தெரியாம எப்படித் தாயி ஏமாத்துறது?"

"எல்லாரும் சொல்றாங்க. எங்கப்பாவும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அப்ப நான் செஞ்சுதான் இருப்பேன். மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன் சாமி, என் மோட்டாருக்கு மட்டும். மண்டி வீட்டு அக்கா மாதாகிட்ட வேண்டமாட்டாங்க, அவங்க வேற. அப்ப அது சமமில்லதானே?"

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமினாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"என்ன வண்டி?"

"நூல்கட்டை வண்டி."

"எம்புட்டுத் தூரம் போகும்?"

"மண்டிப் படியிலேர்ந்து தராசு வரைக்கும் சாமி."

"பரவாயில்லையே" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "அம்புட்டுக் குட்டி வண்டியத் தள்ளுறதுக்கு மாதாவுக்கு நேரம் இருக்கும்னு எனக்குத் தோணல. அவங்க தள்ளுனா மண்டிப் பிள்ளையோடதையும் சேத்துத்தான் தள்ளுவாங்க. நீ வேண்டிக்கிட்டதுல தப்பில்ல. இல்லாத பாவத்துக்கு நான் எப்படி மன்னிப்புக் குடுக்குறது?"

"அப்ப அபராதம் என்ன சாமி?" அபராதம் இல்லாமல் எழுந்து போக எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு. ஒனக்காக வேணாம். ஒங்கப்பாவுக்காகச் சொல்லு."

ஏன் அப்பாவுக்காக என்று எனக்குப் புரியவில்லை. சொன்னேன். இரண்டாவது முறையும் சொன்னேன், ஒன்று சரியாக விழாமல் போயிருந்தால் ஆகுமே என்று.

திங்கள் முதல் வியாழன் வரை பத்திரிகை திண்டின் மேலேயே கிடந்தது. அந்த வெள்ளிதான் விடுமுறையின் கடைசிப் பந்தயம். மறுநாள் அண்ணன் வடமதுரைக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா எங்கள் நால்வரையும் முற்றத்தில் உட்கார வைத்தார்.

"இந்தத் தடவை யார் கையும் படாது. எல்லாத்தையும் நானே கோக்குறேன், நானே முறுக்குறேன், நானே வைக்கிறேன். நாளைக்குக் கோட்டுல வச்சுத்தான் ஒங்க கையில தருவேன். சம்மதமா?"

"சம்மதம் சித்தப்பா" என்றான் அண்ணன். அவன் முகத்தில் நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த முறை தோற்றால் முன்பு ஏமாற்றியதாக ஆகும், ஜெயித்தால் இப்போதும் ஏமாற்றியதாக ஆகும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

அப்பா ஒவ்வொரு வண்டியையும் மடியில் வைத்து, வாய்விட்டு எண்ணி முறுக்கினார். நூலுக்குப் பதில் மெல்லிய கம்பியால் கட்டினார். நான்கையும் தகரப் பெட்டியில் வைத்து, எங்கள் ஊர்ப் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியைக் கழுத்தில் கிடந்த மாதா பதக்கக் கயிற்றில் கோத்துக்கொண்டார். பெட்டி இருந்தது மேற்குச் சுவரை ஒட்டி. மே மாத வெயிலில் அந்தச் சுவர் இரவிலும் தொட முடியாமல் கொதிக்கும்.

மறுநாள் மத்தியானம் அப்பாவே பெட்டியோடு மண்டிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மடித்த குடை. கணக்கு வாத்தியார் வருகிறார் என்று மண்டிக்காரரும் தூக்கத்தை விட்டு எழுந்து வந்து தராசோரம் நின்றார். நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம். அப்பா கம்பிகளை அவிழ்த்து, வண்டிகளை எங்கள் கையில் தந்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நான்கு வண்டிகளும் ஒரு முறை நடுங்கின. ஒரு முழம் நகர்ந்தன. நின்றன. என்னுடையதும்தான். ஒன்றுக்கொன்று ஒரு விரல்கூட முந்தாமல், நான்கும் ஒரே கோட்டில், அவ்வளவு சமமாக நின்றன.

மண்டிக்காரர்தான் முதலில் பேசினார். "வாத்தியாரே, இது பந்தயமா, இல்ல தொழுகைக்கு வரிசையா நிக்கிறாகளா?"

யாரும் சிரிக்கவில்லை. மண்டி வீட்டு அக்கா எழுந்து போய் என் வண்டியைக் கையில் எடுத்தாள். ரப்பரை இழுத்துப் பார்த்தாள். அது தொய்ந்து, இழுத்த இடத்திலேயே நின்றது.

"இவளுதுகூடச் செத்துப்போச்சே. இவளுது என்னைக்கும் சாகாதே." என்னைப் பார்த்தாள். "புள்ள, நீ ராத்திரி இதை எங்க வைப்ப?"

"பலகையில."

"முறுக்கியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன், அண்ணனைப் பார்த்தேன். இனிச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பந்தயம்தானே என்று தோன்றியது. "இல்ல. அவுத்துருவேன். மொத நாளு அது பாத்திரத்துல விழுந்து தம்பி முழிச்சுக்கிட்டான். அம்மா முறுக்கோட வைக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்ப ஊறவே வைக்கலையா?" என்றான் வடமதுரை அண்ணன்.

"இல்லண்ணே."

"ஒரு நாளுகூடவா?"

"ஒரு நாளுகூட. இங்க வர்ற வழியில கோயில் பக்கம் நின்னு முறுக்குவேன்." அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "சொன்னா சேத்துக்கமாட்டீங்கன்னு சொல்லல."

சைக்கிள் கடைக்காரர் மகன் கால்சட்டைப் பையிலிருந்து மிச்ச டியூபை எடுத்தான். அங்கேயே, அப்பாவின் முன்னாலேயே, நான்கு வளையம் நறுக்கினான். அங்கேயே கோத்து, அங்கேயே முறுக்கி, கோட்டில் வைத்தோம். இந்த முறை யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை, அக்கா ஒரு கை தட்டினாள்.

நான்கு வண்டிகளும் பாய்ந்தன. நாங்கள் அதுவரை பார்த்திராத வேகம். அண்ணனுடையது முதலில் கம்பத்தில் முட்டியது. அடுத்தது அக்காவுடையது. என்னுடையது மூன்றாவது. அதற்குப் பின் எத்தனையோ தோற்றிருக்கிறேன், அவ்வளவு நிம்மதியாக எதிலும் தோற்றதில்லை.

ஜெயித்த அண்ணன் குதிக்கவில்லை. என் அருகே வந்து உட்கார்ந்து, தன் மூங்கில் குச்சியை உருவி என்னிடம் நீட்டினான். "வச்சுக்க. நல்ல மூங்கிலு." கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்டு மோட்டாரும் ராத்திரி பூராந்தேன் ஓடுது" என்றான். எதற்கு அதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

அப்பா குனிந்து, தரையில் கிடந்த தொய்ந்த வளையங்களில் ஒன்றை எடுத்தார். இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, விட்டுப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குடையை மண்டியிலேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "எனக்கென்ன மோட்டாரைப் பத்தித் தெரியும்? பிள்ளை செத்த நேரம் தூங்கட்டும்னு சொன்னேன்." அந்த வண்டியைப் பிற்பாடு தம்பிக்குப் பல் முளைக்கும்போது கடிக்கக் கொடுத்தாள். அவன் கடித்த தடங்களோடு அது சில வருஷம் பலகை மேல் இருந்தது. வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. குச்சியும் இல்லை.

அப்பாவை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மண்டிக்காரர் மகளையோ சைக்கிள் கடைக்காரர் மகனையோ அவர் அப்படிக் கேட்டிருக்கமாட்டார். தன் மகள் என்பதால்தான் என் பக்கத் தட்டில் ஒரு படிக்கல்லைக் கூட்டி வைத்தார். ஊரார் பிள்ளைகளுக்கு நடுவில் நியாயமாக நடப்பது என்றால் அப்படித்தான் என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர்தான். என்ன, அந்தக் கல்லின் கனம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சாமியார் ஏன் அப்பாவுக்காகச் சொல்லச் சொன்னார் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது, அதுவும் முழுதாகப் புரிந்ததா என்று சந்தேகம்தான்.

அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு மறுநாள் காலை அண்ணன் பஸ் ஏறிப் போன பிறகு, அப்பா முற்றத்தில் கண்ணாடியைச் சாய்த்தார். நுரையைக் குழைத்தார். முகமெல்லாம் பூசிக்கொண்டார். கத்தியை எடுத்துத் தீட்டினார். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே, "எங்க, இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?" என்றார்.

நான் தலைப்புகளை வாசித்தேன். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்று "கீழேயும் வாசி" என்றார். செய்தியை வாசித்தேன். "இன்னும்" என்றார். மழை எங்கே பெய்தது, எந்த ரயில் தாமதம், பஞ்சு என்ன விலை, வேர்க்கடலை என்ன விலை, எல்லாம் வாசித்தேன். சில சொற்களைத் தப்பாகத்தான் வாசித்தேன். கத்தி நிற்கவில்லை, ஏனென்றால் கத்தி அசையவே இல்லை. அவர் கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது.

எழுதி முடிக்கும்போது வாசலில் வெயில் இறங்கிவிட்டது. மாடிவீட்டு கார் பேட்டரி தீர்ந்துதான் நின்றதோ, என் மகள்தான் எதையாவது திருகினாளோ, எனக்குத் தெரியாது. அவள் செய்திருக்கவும் கூடும். செய்திருந்தால் நாளைக்குச் சொல்வாள். செய்யாமல் இருந்தால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இருக்காது.

பூக்காரி கொடுத்துவிட்டுப் போன மல்லிகை ஈரத்துணியில் இருக்கிறது. சாயங்காலம் நான் பூக் கட்டும்போது வாழைநாரை எடுத்து வந்து, கிழித்து, ஒவ்வொன்றாக என் கையில் கொடுப்பவள் அவள்தான். அது அவள் வேலை. வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை. எழுந்து போய், நார் எங்கே என்று அவளைக் கேட்கப் போகிறேன். நார் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.